கார்ல்டன் புட்னம்

கார்ல்டன் புட்னம் (டிசம்பர் 19, 1901 – மார்ச் 5, 1998) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வானூர்தி நிறுவன அதிபரும் எழுத்தாளரும் ஆவார். சிகாகோ அண்ட் சதர்ன் ஏர் லைன்ஸ் என்ற வானூர்தி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். அந்நிறுவனம் 1953 ஆம் ஆண்டு டெல்டா நிறுவனத்துடன் இணைந்தபோது, இணைந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுத் தலைவரானார். தியோடோர் ரோசவெல்ட்டின் இளமைக் காலத்தைப் பற்றி இவர் எழுதிய வரலாறு அறிஞர்களிடையே நன்மதிப்பைப் பெற்றது. எனினும் இவர் பெயர் இன்று பெரிதும் நினைவுகூரப்படுவது 1961 இல் வெளிவந்த ரேஸ் அண்ட் ரீசன் (இனமும் பகுத்தறிவும்) என்ற நூலினாலாகும். பள்ளிகளில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைப்பதை அறிவியலின் பெயரால் நியாயப்படுத்த முயன்ற இந்நூல், தென் மாநிலங்களில் அரசின் ஆதரவையும் மானிடவியல் அறிஞர்களின் கடும் கண்டனத்தையும் ஒருங்கே பெற்றது.

இளமையும் கல்வியும்

புட்னம் நியூயார்க் நகரில் பிறந்தார். இவரது குடும்பம் நியூ இங்கிலாந்துப் பகுதியின் பழங்குடிகளுள் ஒன்று. அமெரிக்க விடுதலைப் போரில் படைத்தலைவராக இருந்த இசுரயேல் புட்னம் இக்குடும்பத்தைச் சேர்ந்தவர். 1924 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற இவர், 1932 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டமும் பெற்றார். ஆனால் சட்டத்தொழிலை மேற்கொள்ளவில்லை. பறப்பதில் பேரார்வம் கொண்டிருந்த இவர், பட்டம் பெற்ற அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் ஒரு சிறு வானூர்தி நிறுவனத்தைத் தொடங்கினார். நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியிருந்த காலம் அது.

அஞ்சல் ஒப்பந்தமும் நிறுவனத்தின் வளர்ச்சியும்

1933 இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் பெயர் பசிபிக் சீபோர்டு ஏர் லைன்ஸ் என்பதாகும். சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலசுக்கும் இடையே கடற்கரையை ஒட்டிய ஊர்களை இணைத்து, பெல்லாங்கா வகைச் சிறு வானூர்திகளை இது இயக்கியது. அக்காலத்தில் பயணிகள் செலுத்தும் கட்டணத்தை மட்டும் நம்பி ஒரு வானூர்தி நிறுவனம் நிலைத்து நிற்பது அரிது. அஞ்சல் பைகளை எடுத்துச் செல்வதற்குக் கூட்டரசு தரும் தொகையே இத்தொழிலின் உயிர்நாடியாக இருந்தது. அந்த ஒப்பந்தங்களோ பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தன.

இந்நிலை 1934 இல் திடீரென மாறியது. அஞ்சல் ஒப்பந்தங்கள் முறைகேடாகப் பங்கிடப்பட்டன என்ற குற்றச்சாட்டை, அலபாமாவைச் சேர்ந்த ஹியூகோ பிளாக் தலைமையிலான செனட் குழு விசாரித்தது. இதனைத் தொடர்ந்து குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரோசவெல்ட் ஒப்பந்தங்கள் அனைத்தையும் நீக்கி, அஞ்சல் பணியைத் தரைப்படையின் வான்பிரிவிடம் ஒப்படைத்தார். கடுங்குளிர் காலத்தில், போதிய கருவிகளும் பயிற்சியும் இன்றிப் பறந்த படை விமானிகள் பத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களுக்குள் உயிரிழந்தனர். அரசு மீண்டும் தனியாரிடம் ஏலம் கோரியது. முந்தைய பங்கீட்டில் இடம்பெறாத சிறு நிறுவனங்களுக்கு அப்போதுதான் வழி திறந்தது. புட்னத்தின் நிறுவனம் மிகக் குறைந்த தொகையைக் கேட்டு, சிகாகோவிலிருந்து செயின்ட் லூயிஸ், மெம்பிஸ், ஜாக்சன் வழியாக நியூ ஓர்லியன்ஸ் செல்லும் தடத்தைப் பெற்றது. அதே ஏலத்தில் தென் மாநிலங்களைக் கிழக்கு மேற்காக இணைக்கும் தடத்தைப் பெற்று மறுவாழ்வு அடைந்த மற்றொரு சிறு நிறுவனம் டெல்டா ஆகும்.

(புட்னத்துக்கு இவ்வாறு மறைமுகமாக வழிதிறந்த ஹியூகோ பிளாக் பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். புட்னம் எதிர்த்து எழுதிய 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்பை வழங்கிய ஒன்பது நீதிபதிகளுள் அவரும் ஒருவர்.)

கலிபோர்னியாவை விட்டு மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் சிகாகோ அண்ட் சதர்ன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மெம்பிஸ் நகரம் பின்னர் இதன் தலைமையிடமானது. தொடக்க ஆண்டுகள் எளிதாக இருக்கவில்லை. 1936 ஆகஸ்ட் 5 அன்று செயின்ட் லூயிசிலிருந்து புறப்பட்ட இந்நிறுவனத்தின் லாக்ஹீட் எலெக்ட்ரா வானூர்தி விபத்துக்குள்ளாகி, அதில் இருந்த எட்டுப் பேரும் உயிரிழந்தனர். எனினும் நிறுவனம் நிலைத்து நின்றது. 1940 களில் டிசி-3, டிசி-4 வானூர்திகளும், 1950 அளவில் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் வானூர்திகளும் இதன் சேவையில் இருந்தன. தென் மாநிலங்களுக்கு வழங்கும் செல்லப்பெயரான டிக்சி என்பதையொட்டி, தன் வானூர்திகளை டிக்சிலைனர் என நிறுவனம் விளம்பரப்படுத்தியது. 1946 இல் நியூ ஓர்லியன்சிலிருந்து ஹவானாவுக்கும், அதன் பின்னர் கரிபியன் தீவுகளுக்கும் வெனிசுலாவின் கராகஸ் நகருக்கும் சேவை விரிந்தது.

இக்காலத்து அனுபவங்களை ஹை ஜர்னி என்ற தலைப்பில் புட்னம் 1945 இல் நூலாக வெளியிட்டார். இதுவே இவரது முதல் நூல்.

டெல்டாவுடன் இணைப்பு

1953 மே 1 அன்று சிகாகோ அண்ட் சதர்ன், டெல்டாவுடன் இணைந்தது. டெல்டாவின் நிறுவனர்களுள் ஒருவரான சி. ஈ. உல்மன் நிர்வாகப் பொறுப்பில் தொடர, புட்னம் இயக்குநர் குழுத் தலைவரானார். சில காலம் வானூர்திகளில் இரு நிறுவனப் பெயர்களும் சேர்த்தே எழுதப்பட்டன. டெல்டாவுக்கு முதன்முதலாக வெளிநாட்டுத் தடங்கள் கிடைத்தது இந்த இணைப்பின் வழியாகவே என்பது குறிப்பிடத்தக்கது. இதன்பின் புட்னம் நிர்வாகத்திலிருந்து படிப்படியாக விலகி, எழுத்தில் முழுக்கவனம் செலுத்தத் தொடங்கினார்.

ரோசவெல்ட் வரலாறு

குடியரசுத் தலைவர் தியோடோர் ரோசவெல்ட்டின் முழு வாழ்க்கையையும் பல தொகுதிகளில் எழுதுவது புட்னத்தின் திட்டம். அதன் முதல் தொகுதி 1958 இல் ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்தின் வாயிலாக வெளிவந்தது. 1858 முதல் 1886 வரையிலான 28 ஆண்டுகளை மட்டும் அறுநூறு பக்கங்களுக்கு மேல் விரித்துரைக்கும் நூல் அது. ஆஸ்துமாவால் வருந்திய சிறுவன், ஹார்வர்டு மாணவன், நியூயார்க் சட்டமன்றத்தின் இளம் உறுப்பினர், 1884 பிப்ரவரி 14 ஆம் நாள் தாயையும் மனைவியையும் ஒரே வீட்டில் இழந்த கணவர், டகோட்டாச் சமவெளியில் மாட்டுப் பண்ணை நடத்தியவர் என ரோசவெல்ட்டின் இளமை இதில் ஆவணங்களின் துணையுடன் நுணுக்கமாக எழுதப்பட்டுள்ளது. தொழில்முறை வரலாற்றாசிரியர் அல்லாத ஒருவரின் உழைப்பு என்பதால் மதிப்புரையாளர்கள் இதனை வியந்து பாராட்டினர்.

இந்த நற்பெயர் பின்னால் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ளத் தேவையானது. புட்னம் இனப் பிரிவினைக்கு ஆதரவாக எழுதத் தொடங்கியபோது, வடமாநிலத்தில் பிறந்த, பிரின்ஸ்டனிலும் கொலம்பியாவிலும் பயின்ற, பெருநிறுவனம் ஒன்றை நடத்திக் காட்டிய, வரலாற்று நூலாசிரியராக ஏற்கப்பட்ட ஒருவரின் கருத்தாகவே அது வாசகர் முன் வைக்கப்பட்டது. இவற்றுள் எதுவும் மரபியலிலோ மானிடவியலிலோ உளவியலிலோ பெற்ற பயிற்சி அன்று.

குடியரசுத் தலைவருக்குத் திறந்த மடல்

1954 இல் பிரவுன் வழக்கில், அரசுப் பள்ளிகளில் மாணவரை இன அடிப்படையில் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் இதனை ஏற்க மறுத்தன. 1957 இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதற்குக் குடியரசுத் தலைவர் ஐசனாவர் படையை அனுப்ப வேண்டியதாயிற்று. அவ்வூர் தொடர்பான வழக்கில் 1958 இல் உச்ச நீதிமன்றம் தன் நிலையை மீண்டும் உறுதிப்படுத்தியது. நீதிபதி பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் அத்தீர்ப்பையொட்டித் தனியே எழுதிய கருத்துரை புட்னத்தைச் சினமூட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் இவர் ஐசனாவருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்.

கறுப்பினத்தவர் நாகரிகத்தில் வெள்ளையருக்கு இணையான தகுதியை இன்னும் அடையவில்லை, எனவே சமூகக் கலப்பைச் சட்டத்தால் திணிக்கக்கூடாது என்பது மடலின் சாரம். தென் மாநில நாளேடுகள் இதனை விரும்பி வெளியிட்டன. ஆதரவாளர்கள் குழு அமைத்து நிதி திரட்டி, வடமாநில நாளேடுகளில் கட்டண விளம்பரமாகவும் இடம்பெறச் செய்தனர். 1959 இல் கூட்டரசின் தலைமை வழக்கறிஞருக்கு இவர் மற்றொரு மடல் எழுதினார். ரோசவெல்ட் வரலாற்றின் இரண்டாம் தொகுதிக்கென ஒதுக்கியிருந்த காலம் இவ்வாறு வேறு பணிக்குத் திரும்பியது.

ரேஸ் அண்ட் ரீசன்

மடல்களுக்கு வந்த கேள்விகளையும் அவற்றுக்கான தம் விடைகளையும் விரித்து 1961 இல் புட்னம் வெளியிட்ட நூலே ரேஸ் அண்ட் ரீசன். ஒரு யாங்கியின் பார்வை என்பது அதன் துணைத்தலைப்பு. யாங்கி என்பது வடமாநிலத்தவரைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகும். பிரிவினையை ஆதரிப்பவர் தென்மாநிலத்து வெள்ளையர் மட்டுமே என்ற எண்ணத்தைத் தலைப்பிலேயே மறுப்பது ஆசிரியரின் நோக்கம். ரகில்ஸ் கேட்ஸ், ஹென்றி காரெட், ராபர்ட் கெய்ர், வெஸ்லி ஜார்ஜ் ஆகிய நால்வர் இதற்கு அறிமுகவுரையில் ஒப்பமிட்டனர். இவர்களுள் காரெட் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைத் தலைவராக இருந்தவர். பிரவுன் வழக்கில் நீதிமன்றம் சுட்டிய ஆய்வுகளுள் ஒன்றைச் செய்த கறுப்பின உளவியலாளர் கென்னத் கிளார்க், அங்கே இவரிடம் பயின்றவர்.

நூலின் தனித்தன்மை அதன் முடிவில் இல்லை. அதே முடிவை அதற்கு முன்னும் பலர் சொல்லியிருந்தனர். தென் மாநில அரசியலாளர்கள் அதுவரை மாநில உரிமை என்ற சட்டவாதத்தையே முதன்மையாக முன்வைத்து வந்தனர். அவ்வாதம் தோற்கும் என்று புட்னம் கருதினார். பிரிவினை கறுப்பினக் குழந்தைகளின் மனத்தைப் புண்படுத்துகிறது என்ற சமூகவியல் ஆய்வுகளை நீதிமன்றம் சுட்டியிருந்தது. எனவே அறிவியல் தளத்திலேயே அதனை எதிர்த்து, இனங்களுக்கிடையே பிறவியிலேயே அறிவு வேறுபாடு உண்டு என நிறுவினால் தீர்ப்பு அடித்தளமின்றிச் சரியும் என்பது இவரது கணக்கு.

அவ்வாறாயின் பெரும்பாலான மானிடவியலாளர்கள் இதனை ஏன் மறுக்கின்றனர் என்ற கேள்வி எழுகிறது. இதற்குப் புட்னம் தந்த விடை நூலின் மிகப் பலவீனமான பகுதியாகும். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதரான பிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளரும் அவருடைய மாணவர்களும் அரசியல் நோக்குடன் சமத்துவக் கொள்கையைப் பல்கலைக்கழகங்களில் பரப்பினர் என்றும், மாற்றுக்கருத்து உடையோர் அச்சத்தால் வாய் திறப்பதில்லை என்றும் இவர் எழுதினார். அறிஞர்களின் மறுப்பையே சதிக்குச் சான்றாகக் கொள்ளும் இவ்வாதத்தை எந்தத் தரவாலும் மறுக்க இயலாது. இதில் இழையோடும் யூத எதிர்ப்பையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

போவாசின் வழிவந்தோர் முன்வைத்தவை வெறும் கொள்கைகள் அல்ல. கொலம்பியாவைச் சேர்ந்த ஆட்டோ கிளைன்பர்க் 1935 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தென் மாநிலங்களிலிருந்து நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்த கறுப்பினக் குழந்தைகளின் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண், அவர்கள் அந்நகரப் பள்ளிகளில் பயின்ற ஆண்டுகளின் எண்ணிக்கைக்கேற்ப உயர்ந்து சென்றதை அவர் காட்டினார். முதல் உலகப் போர்க்காலப் படைத் தேர்வுகளிலும் வடமாநிலங்கள் சிலவற்றின் கறுப்பினத்தவர், தென்மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையரை விட உயர்ந்த சராசரியைப் பெற்றிருந்தனர். பள்ளியும் சூழலும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன என்பதையே இவை காட்டுகின்றன. பிரித்து வைக்கப்பட்ட, பணம் ஒதுக்கப்படாத பள்ளிகளில் பயின்ற குழந்தைகளின் மதிப்பெண்ணை எடுத்துக்காட்டி, பிரிவினை தொடரவேண்டும் என வாதிடுவது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதாகும்.

அரசுகளின் ஆதரவு

அறிஞர்கள் ஏற்கிறார்களா என்பதைப் பற்றித் தென் மாநில அரசுகள் கவலைப்படவில்லை. லூசியானா மாநிலக் கல்வி வாரியம் நூலின் படிகளை வாங்கி, குறிப்பிட்ட துறை மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டாயம் படிக்கவேண்டும் என ஆணையிட்டது. மிசிசிப்பி ஆளுநர் ராஸ் பார்னெட், 1961 அக்டோபர் 26 ஆம் நாளை இந்நூலின் பெயரால் மாநிலம் முழுவதும் கொண்டாடப்படும் நாளாக அறிவித்தார். அன்று ஜாக்சன் நகரில் நடந்த விருந்தில் புட்னம் உரையாற்றினார். 1934 இல் இவருடைய நிறுவனம் பெற்ற அஞ்சல் தடத்தில் அமைந்த நகரம் அது.

அத்தடத்திலேயே இருந்த மெம்பிஸ் நகரில், நகராட்சி வானூர்தி நிலைய உணவகத்தில் கறுப்பினத்தவரை ஏனையோருடன் அமர விடவில்லை. ஜெசி டர்னர் என்ற கறுப்பினத்தவர் தொடர்ந்த வழக்கில், அது சட்டத்துக்கு முரணானது என 1962 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. புட்னம் ஏடுகளில் வாதிட்டுக்கொண்டிருந்த பிரிவினை அன்றாட வாழ்வில் எப்படி இருந்தது என்பதற்கு அந்த உணவகம் ஒரு சான்று.

அறிஞர்களின் எதிர்வினை

1961 நவம்பரில் பிலடெல்பியாவில் கூடிய அமெரிக்க மானிடவியல் கழகம், கறுப்பினத்தவர் உடலாலோ உள்ளார்ந்த அறிவாலோ வெள்ளையரை விடத் தாழ்ந்தவர் என்னும் கூற்றுகளை நிராகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவாக 192 வாக்குகள் பதிவாயின, எதிராக ஒன்றுமில்லை. புட்னம் இதனைத் தம் சதிக் கோட்பாட்டுக்கு மேலும் ஒரு சான்றாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு உடல்சார் மானிடவியலாளர் கழகம் புட்னத்தின் நூலைப் பெயர் சுட்டிக் கண்டித்தது. அப்போது அக்கழகத்தின் தலைவராக இருந்தவர் கார்ல்டன் கூன். அவர் புட்னத்தின் தூரத்து உறவினர். கண்டிப்போரில் எத்தனை பேர் நூலைப் படித்தனர் எனக் கேட்டதாகவும், ஒரே ஒரு கை உயர்ந்ததாகவும் கூன் பின்னாளில் எழுதினார். தீர்மானத்தை எதிர்த்து அவர் பதவி விலகினார். கருத்துச் சுதந்திரத்துக்காக எவர் பக்கமும் சாராது நின்றவர் என்ற தோற்றத்தையே அவர் பொதுவெளியில் பேணினார். அதே 1962 இல் வெளிவந்த கூனின் தி ஒரிஜின் ஆப் ரேசஸ் என்ற நூல், மனித இனங்கள் வெவ்வேறு காலங்களில் தனித்தனியே தற்கால மனித நிலையை அடைந்தன எனக் கூறியது. புட்னம் அதனைத் தம் வாதத்துக்குத் துணையாக உடனே பயன்படுத்தினார். மரபியலாளர் தியோடோசியஸ் டோப்சான்ஸ்கி கூனின் கருதுகோளையும், அது இவ்வாறு பயன்படுத்தப்படுவதைக் கூன் கண்டிக்காமல் இருந்ததையும் விமர்சித்தார்.

இருவருக்கும் இடையிலான மடல்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜான் ஜாக்சன், புட்னத்தின் எழுத்துக்குக் கூன் மறைவில் ஆலோசனைகளும் தகவல்களும் தந்து உதவினார் என்பதை 2001 இல் வெளிப்படுத்தினார். பிரிவினை ஆதரவு அறிவியலாளர்களைப் பற்றி அவர் 2005 இல் எழுதிய நூலில் இவ்வலைப்பின்னல் விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

நீதிமன்றத்தில் சோதனை

புட்னம் முன்மொழிந்த உத்தி 1963 இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் நடைமுறைக்கு வந்தது. பள்ளிப் பிரிவினையை நீக்கக் கோரிக் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த வழக்கில், வெள்ளை மாணவர் தரப்பு குறுக்கிட்டது. காரெட், வெஸ்லி ஜார்ஜ் முதலியோர் அறிவியல் சாட்சிகளாக நிறுத்தப்பட்டனர். மாவட்ட நீதிபதி பிராங்க் ஸ்கார்லெட் அவர்களின் சாட்சியத்தை ஏற்றுப் பிரிவினைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். புட்னத்தின் முகாமுக்கு இது பெரும் வெற்றியாகத் தோன்றியது. ஆனால் 1964 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. கீழ் நீதிமன்றம் எந்தச் சாட்சியைக் கேட்டாலும் உச்ச நீதிமன்றத்தின் முடிவை மாற்ற இயலாது என்பதும், குழுவின் சராசரியைக் காட்டித் தனி மாணவர் ஒருவரின் உரிமையை மறுக்க முடியாது என்பதும் மேல்முறையீட்டு நிலையில் தெளிவாயின. அதே ஆண்டு குடியுரிமைச் சட்டமும், 1965 இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின.

பிற்காலம்

1967 இல் புட்னம் ரேஸ் அண்ட் ரியாலிட்டி என்ற தொடர்ச்சி நூலை வெளியிட்டார். முந்தைய நூலுக்கு இருந்த வரவேற்பு இதற்கு இல்லை. அரசியலாளர்களுக்கு இவ்வாதத்தால் இனிப் பயனில்லாமல் போயிருந்தது. எனினும் சிறு வட்டங்களில் முதல் நூலின் செல்வாக்கு நீடித்தது. பின்னாளில் கு கிளக்ஸ் கிளான் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான டேவிட் டியூக், பள்ளி மாணவராக இருந்தபோது படித்த இந்நூலே தம் கருத்துகளை மாற்றியது எனத் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

மரபியல் ஆய்வுகள் புட்னத்தின் அடிப்படை எண்ணத்திலிருந்து மேலும் விலகிச் சென்றன. மனிதரிடையே காணப்படும் மரபணு வேறுபாட்டில் பெரும்பங்கு, ஏறத்தாழ 85 விழுக்காடு, ஒவ்வொரு மக்கள் குழுவுக்குள்ளேயே அமைந்துள்ளது என 1972 இல் ரிச்சர்ட் லெவொன்டின் காட்டினார்.

புட்னம் தம் கருத்துகளை மாற்றிக்கொள்ளவில்லை. 1998 மார்ச் 5 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரில் தம் 96 ஆம் வயதில் காலமானார். ரோசவெல்ட் வரலாற்றின் இரண்டாம் தொகுதி வெளிவரவே இல்லை. வெளிவந்த ஒரே தொகுதியைப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் தொடர்ந்து பயன்படுத்தினர். 1979 இல் எட்மண்ட் மோரிஸ் எழுதி புலிட்சர் பரிசு பெற்ற ரோசவெல்ட் வரலாற்றின் தொடக்க இயல்களில் அது மேற்கோள் நூலாகப் பலமுறை சுட்டப்படுகிறது.